சிவப்பு வியன்னா: ஒரு நகரம் கட்டியதும் ஒரு குடியரசு இழந்ததும்

இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் ஐரோப்பாவில் தத்துவமும் உளவியலும் கட்டடக்கலையும் சட்டவியலும் அவ்வளவு செழித்திருந்தும், அரசியல் மட்டும் ஏன் சர்வாதிகாரத்தில் போய் முடிந்தது, அத்தனை அறிவும் ஏன் மக்களைக் காக்கவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். ஐரோப்பா முழுவதையும் ஒரே மூச்சில் பேசினால் பொதுப்படையான சொற்களே மிஞ்சும் என்பதால், ஒரே ஒரு நகரத்தை எடுத்துக்கொண்டு பதில் சொல்ல முயல்கிறேன். 1919 முதல் 1934 வரை சமூக ஜனநாயகக் கட்சியின் ஆட்சியில் இருந்த வியன்னா அது. பொருளாதார நெருக்கடியில் மக்கள் ஜனநாயகத்தின் மீது நம்பிக்கை இழந்தார்கள், அதனால் அது சரிந்தது என்பதே வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம். ‘சிவப்பு வியன்னா’ என்று பெயர்பெற்ற அந்த நகரத்தின் பதினைந்து ஆண்டுகள் இந்த விளக்கத்தோடு ஒத்துப்போகவில்லை. அங்கே மக்கள் கடைசித் தேர்தல் வரை தங்கள் நகராட்சியைக் கைவிடவில்லை. படையும் காவல்துறையும் கருவூலமும் யார் கையில் இருந்தனவோ, அவர்கள்தான் அதை ஒழித்தார்கள்.

1918 நவம்பரில் ஹாப்ஸ்பர்க் பேரரசு உடைந்தபோது, ஐந்து கோடிக்கும் மேற்பட்ட மக்களை ஆண்டுவந்த தலைநகரம், ஏறத்தாழ 65 லட்சம் பேரைக் கொண்ட ஆஸ்திரியா என்ற ஒரு சிறு குடியரசின் தலைநகரமாகச் சுருங்கியது. அந்த 65 லட்சத்தில் பத்தில் மூன்று பங்கினர் வியன்னாவிலேயே இருந்தார்கள். நிலக்கரி வந்துகொண்டிருந்த பகுதிகள் செக்கோஸ்லோவாகியாவுக்குப் போயின. தானியம் தந்த ஹங்கேரி தனி நாடாயிற்று. ஐ.நா.வுக்கு முன்னோடியான சர்வதேச சங்கத்தின் இசைவின்றி ஜெர்மனியோடு சேரக்கூடாது என்று 1919 செப்டம்பர் சமாதான உடன்படிக்கை தடுத்தது. இந்த நாடு தனித்து வாழும் என்று அதன் தலைவர்களிலேயே பலர் நம்பவில்லை. இந்த நம்பிக்கையின்மை பின்னால் வரப்போகும் எல்லாவற்றுக்கும் அடியில் கிடக்கிறது.

பேரரசுக் காலத்து வியன்னா என்றதும் அரண்மனைகளும் இசையரங்குகளும் காப்பி விடுதிகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. அதே நகரத்தின் தொழிலாளர் பகுதிகளில் ஒரு குடும்பத்துக்குப் பெரும்பாலும் ஓர் அறையும் ஒரு சமையலறையும்தான் வீடு. தண்ணீர்க் குழாயும் கழிப்பறையும் நடைவழியில், பல குடும்பங்களுக்குப் பொதுவாக இருந்தன. வாடகை கட்டுவதற்காக, தாங்கள் படுக்காத நேரத்தில் தங்கள் கட்டிலையே அந்நியருக்கு மணிக்கணக்கில் வாடகைக்கு விட்ட குடும்பங்கள் ஏராளம். காசநோய்க்கு ‘வியன்னா நோய்’ என்ற பெயரே இருந்தது.

பெண்களும் வாக்களித்த முதல் நகராட்சித் தேர்தல் 1919 மே 4 அன்று நடந்தது. சமூக ஜனநாயகக் கட்சி 165 இடங்களில் 100 இடங்களை வென்றது. ஆனால் வெற்றியை விடவும் முக்கியமானது 1922 ஜனவரி 1 அன்று நடந்த ஒரு நிர்வாக மாற்றம். சட்டவியலாளர் ஹான்ஸ் கெல்ஸன் வடிவமைத்த 1920ஆம் ஆண்டு அரசியலமைப்பின் வழியே, வியன்னா கீழ் ஆஸ்திரியா மாநிலத்திலிருந்து பிரிந்து தனி மாநிலமாயிற்று. தலைநகரத்துச் சிவப்பர்களின் ஆளுகையில் இருக்க விரும்பாத எதிரணியான கிராமப்புறத்துக் கிறிஸ்தவ சமூகக் கட்சியினரும் இந்தப் பிரிவினையை விரும்பினார்கள். அதன் விளைவு அவர்கள் எண்ணியிராதது: மாநிலம் என்ற முறையில் வியன்னாவுக்குச் சொந்தமாக வரி விதிக்கும் அதிகாரம் கிடைத்தது. இந்தச் சட்ட வேலையின் பின்னால் இருந்தவர் சமூக ஜனநாயகக் கட்சியின் ராபர்ட் டானபெர்க். அந்த அதிகாரத்தைப் பயன்படுத்தத் தெரிந்தவர் நகராட்சியின் நிதிப் பொறுப்பாளர் ஹூகோ பிரைட்னர்.

பிரைட்னர் ஒரு முன்னாள் வங்கி இயக்குநர். கடன் வாங்கிக் கட்டக்கூடாது, வரியிலிருந்தே கட்ட வேண்டும் என்பது அவருடைய உறுதியான கொள்கை. 1923 முதல் விதிக்கப்பட்ட வீட்டுமனைக் கட்டுமான வரி ஏறுவரிசையில் அமைந்தது; சிறு வீட்டில் இருந்தவர் சொற்பத் தொகை கட்டினார், மாளிகையில் இருந்தவர் அதைப் போலப் பல நூறு மடங்கு கட்டினார். கார், பந்தயக் குதிரை, ஷாம்பெயின், ஒன்றுக்கு மேற்பட்ட வேலையாட்கள் என ஆடம்பரங்கள் மீதும் வரி வந்தது. இந்த வரிகள் பலித்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. 1917இல் போர்க்கால நடவடிக்கையாக வாடகை உறைய வைக்கப்பட்டிருந்தது. அடுத்து வந்த கடும் பணவீக்கத்தில் அந்த வாடகையின் மதிப்பு கரைந்துபோயிற்று. வீடு கட்டி வாடகைக்கு விடுவது இலாபமற்ற தொழிலானதும் மனைகளின் விலை விழுந்தது, நகராட்சி அவற்றை மலிவாக வாங்கிக் குவித்தது.

அதே நகரத்தில் வணிகச் சபையின் அலுவலகத்தில் தம் புகழ்பெற்ற கருத்தரங்கை நடத்திவந்த லுட்விக் ஃபான் மீசஸும், அவரைச் சுற்றியிருந்த இளம் பொருளியலாளர்களில் ஒருவரான ஹயெக்கும், வாடகைக் கட்டுப்பாடு தனியார் கட்டுமானத்தைக் கொன்றுவிட்டது என்று வாதிட்டார்கள். தனியார் கட்டுமானம் நின்றுபோனது உண்மைதான். ஆனால் அது தடையின்றி நடந்த காலத்தில் தொழிலாளிக்குக் கிடைத்தது நடைவழிக் குழாயும் அரைக் கட்டிலும் என்பதற்கு அவர்களிடம் போதிய பதில் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. இந்த விவாதத்தில் மீசஸை எதிர்த்து எழுதியவர்களுள் ஒருவர், வியன்னாவில் பொருளாதார வார இதழ் ஒன்றின் ஆசிரியர் குழுவில் பணியாற்றிய கார்ல் போலானி. சந்தையைப் பற்றி இருபதாம் நூற்றாண்டு நடத்திய மிகப் பெரிய வாக்குவாதத்தின் இரு தரப்பும் ஒரே நகரத்தில், ஒரே வாடகைச் சட்டத்தைப் பார்த்துக்கொண்டு உருவாயின.

1923க்கும் 1934க்கும் இடையில் நகராட்சி அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டியது. ஏறத்தாழ 2,20,000 பேர், அதாவது நகர மக்களில் பத்தில் ஒருவருக்குச் சற்று மேல், அவற்றில் குடியேறினார்கள். போருக்கு முன் சம்பளத்தில் பெரும் பங்கைத் தின்ற வாடகை, இங்கே ஒரு தொழிலாளியின் சம்பளத்தில் நான்கு சதவீத அளவுக்கு இறங்கியது. பராமரிப்புச் செலவை மட்டுமே வாடகை ஈடுகட்ட வேண்டும் என்பது விதி. இவற்றுள் புகழ்பெற்றது, கார்ல் ஏன் வடிவமைத்து 1930இல் திறக்கப்பட்ட கார்ல் மார்க்ஸ் குடியிருப்பு. ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீளும் அந்தக் கட்டடத்தில் 1,382 வீடுகள். மனையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான இடத்திலேயே கட்டடம் எழும்பியது. மற்றதெல்லாம் மரமும் புல்வெளியும் கொண்ட முற்றங்கள். வீடுகளுக்கான படிக்கட்டுகள் தெருவிலிருந்து ஏறாமல் முற்றத்திலிருந்து ஏறின. ஆகவே வேலையிலிருந்து திரும்பும் எவரும் பெரிய வளைவுகளுக்குள் நுழைந்து, குழந்தைகள் விளையாடும் முற்றத்தைக் கடந்துதான் தம் வீட்டுக்குப் போக முடியும். வளாகத்துக்குள்ளேயே குழந்தைகள் பள்ளி, நூலகம், பல் மருத்துவமனை, மருந்துக் கடை, பொதுக் குளியலறைகள் இருந்தன. மையச் சலவைக்கூடத்தில், வீட்டுச் சமையலறையில் நாள்கணக்கில் இழுத்த துணிவெளுப்பு சில மணி நேரத்தில் முடிந்தது. கழிப்பறையும் தண்ணீரும் வீட்டுக்குள்ளே வந்தன.

குறைகள் இல்லாமல் இல்லை. தொடக்க ஆண்டுகளில் கட்டிய வீடுகளில் பெரும்பாலானவை 38 சதுர மீட்டர் பரப்பே கொண்டவை. மாளிகை போன்ற முகப்பை எழுப்பி உள்ளே சிறு வீடுகளை அடைப்பதா என்று யோஸப் ஃபிராங்க் போன்ற கட்டடக்கலைஞர்களே கண்டித்தார்கள். அவர்களுடைய கண்டனத்தில் நியாயம் உண்டு. ஆயினும் காத்திருந்தோர் தொகையை நினைத்தால், பரப்பைக் குறைத்து எண்ணிக்கையைக் கூட்டிய முடிவைக் குற்றம் சொல்வது எனக்குக் கடினமாக இருக்கிறது.

நலத்துறைக்குப் பொறுப்பேற்ற யூலியஸ் டாண்ட்லர் உடற்கூறியல் பேராசிரியர். 1927 முதல் நகரத்தில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும், பெற்றோரின் வசதி பாராமல், அணையாடையும் சட்டையும் அடங்கிய ஒரு பொதியை நகராட்சி கொடுத்தது. எந்த வியன்னாக் குழந்தையும் செய்தித்தாளில் சுற்றப்படக் கூடாது என்பது அதன் முழக்கம். அப்படிச் சுற்றப்பட்ட குழந்தைகள் இருந்ததால்தான் அந்த முழக்கம் தேவைப்பட்டது. வறியவருக்கு மட்டும் என்றிருந்தால் பிச்சையாகியிருக்கும்; எல்லாருக்கும் என்றதால் உரிமையாயிற்று. இதே டாண்ட்லர்தான், ‘வாழத் தகுதியற்ற’ உயிர்களைப் பேணுவதற்குச் சமூகம் செலவிடும் தொகையைக் கணக்கிட்டுப் பேசியவரும். பிற்காலத்தில் நாஜிகள் கொலைக்குப் பயன்படுத்திய சொற்கள் இவை. டாண்ட்லர் யாரையும் கொல்லச் சொல்லவில்லை, யூதப் பிறப்பினரான அவரே நாஜிகளின் வெறுப்புக்கு இலக்கானவர். என்றாலும், மனிதரைத் திட்டமிட்டு மேம்படுத்தலாம் என்ற அக்கால அறிவியல் நம்பிக்கை முற்போக்கர்களுக்குள்ளும் எவ்வளவு தூரம் போயிருந்தது என்பதை மறைத்து இந்த நகரத்தைப் புகழ்வது நேர்மையாகாது.

இனி நீங்கள் குறிப்பாகக் கேட்ட சிந்தனையாளர்களுக்கு வருகிறேன். வியன்னாப் பல்கலைக்கழகம் அக்காலத்தில் பழமைவாதத்திலும் யூத வெறுப்பிலும் ஊறிக்கிடந்தது. ஆகவே புதிய சிந்தனையின் பெரும் பகுதி பல்கலைக்கழகத்துக்கு வெளியே, முதியோர் கல்வி நிலையங்களிலும் நகராட்சி அமைப்புகளிலும் இடம் தேடிக்கொண்டது. உளவியலாளர் ஆல்ஃபிரட் ஆட்லரும் அவருடைய மாணவர்களும் குழந்தைகளுக்கான ஆலோசனை மையங்களை நடத்தினார்கள். ஓட்டோ கிளோக்கெல் மனப்பாடக் கல்வியை விலக்கிப் பள்ளிகளைச் சீர்திருத்தினார். தொழிலாளர் இசைக் கச்சேரிகளை நடத்தியவர் இசையமைப்பாளர் அன்டன் வெபெர்ன். தத்துவப் பேராசிரியர் மொரிட்ஸ் ஷ்லிக்கைச் சுற்றிக் கூடிய ‘வியன்னா வட்டம்’ என்ற சிந்தனையாளர் குழு, சரிபார்க்க முடியாத கூற்றுகளைத் தத்துவத்திலிருந்து களைய முற்பட்டது. ஷ்லிக் அரசியலிலிருந்து ஒதுங்கியே இருந்தார். அந்த வட்டத்தின் இடதுசாரியான ஓட்டோ நொய்ராத்தோ, தெளிவாகப் பேசுவதையே ஓர் அரசியல் பணியாகக் கருதினார்.

நொய்ராத் 1925இல் நகராட்சியின் ஆதரவோடு சமூகப் பொருளாதார அருங்காட்சியகம் ஒன்றைத் தொடங்கினார். அங்கே பழம்பொருள்கள் கிடையாது. புள்ளிவிவரங்கள் படங்களாக மாட்டப்பட்டிருந்தன. அவருடைய விதி எளியது: பெரிய எண்ணைக் காட்டப் பெரிய உருவத்தை வரையக்கூடாது, அதே அளவு உருவத்தைக் கூடுதல் தடவை வரைய வேண்டும். ஓர் உருவம் ஆயிரம் பேரைக் குறித்தால் ஐந்து உருவங்கள் ஐயாயிரம் பேர். எழுத்தறிவு குறைந்த ஒருவரும் எண்ணிப் பார்த்துச் சரிபார்க்கலாம். நாம் இன்று விமான நிலையங்களிலும் மருத்துவமனைகளிலும் காணும் படக்குறிகள் இந்த மரபிலிருந்து கிளைத்தவை. பிறந்த குழந்தைகள், இறந்த குழந்தைகள், கட்டிய வீடுகள், காசநோய்ச் சாவுகள் ஆகியவற்றைத் தொழிலாளி தானே படித்துத் தன் நகராட்சியை எடைபோட வேண்டும் என்பது நோக்கம். குடிமகனை இவ்வளவு மதித்த ஓர் அறிவியக்கம் அக்கால ஐரோப்பாவில் வேறெங்கும் இருந்ததா என்பது ஐயமே.

ஆனால் இந்த இயக்கத்துக்கு உள்ளிருந்தே ஓர் எச்சரிக்கையும் வந்தது. பவுல் லாஸர்ஸ்ஃபெல்ட் என்ற இளம் ஆய்வாளர் தொழிலாளரின் ஓய்வு நேரத்தைப் பற்றி ஆராய நினைத்தபோது, வேலையின்மையை ஆராயுங்கள் என்று சமூக ஜனநாயகக் கட்சியின் முன்னணித் தலைவர்களுள் ஒருவரான ஓட்டோ பௌவர் அவரைத் திருப்பிவிட்டார். அவரும் மரீ யஹோடாவும் ஹான்ஸ் ஸைஸலும் வியன்னாவுக்குத் தென்கிழக்கே உள்ள மரியென்டால் என்ற ஆலைக் கிராமத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். நெசவாலை மூடப்பட்டு ஊரே வேலையிழந்திருந்தது. 478 குடும்பங்கள், 1,486 பேர். ஆய்வாளர்கள் சும்மா பார்க்க வந்தவர்களாக அங்கே இருக்கவில்லை. துணி சேகரித்துக் கொடுத்தார்கள், தையல் வகுப்பு நடத்தினார்கள், மருத்துவரை வரவழைத்தார்கள், அதனூடே கவனித்தார்கள். முக்கியத் தெருவில் போவோரை ஜன்னலிலிருந்து பார்த்து, யார் எவ்வளவு மெதுவாக நடக்கிறார்கள், எத்தனை தடவை நிற்கிறார்கள் என்று குறித்தார்கள். ஆண்கள் அடிக்கடி நின்றார்கள். வீட்டு வேலை தீராத பெண்கள் நிற்கவில்லை. ஒரு நாளை மணிவாரியாக எழுதித் தரச் சொன்னபோது, எழுந்ததையும் உண்டதையும் உறங்கியதையும் தவிர வேறெதையும் ஆண்களால் எழுத இயலவில்லை. இடைப்பட்ட நேரத்துக்கு ஒருவர் எழுதியது, அதற்குள் மதியமாகிவிடுகிறது என்பதுதான். நூலகத்தில் புத்தகம் எடுப்பது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துபோயிற்று. கையில் நேரம் மிகுந்தால் தொழிலாளி படிப்பான், துன்பம் முற்றினால் போராடுவான் என்ற இரு எதிர்பார்ப்புகளையும் அந்தக் கிராமம் பொய்யாக்கியது. அங்கே இருந்தது களைப்பு. கட்சியின் முழு அரசியலும் கற்பித்தலின் மீதும் காத்திருத்தலின் மீதும் நின்றபோது, வேலையற்றோர் கூட்டத்தைக் களைப்பு பிடித்துக்கொண்டது என்பதை விடப் பெரிய ஆபத்து அதற்கு இருக்க முடியாது.

நகரத்துக்கு வெளியே நாட்டு ஆட்சி 1920 முதல் எதிர்த்தரப்பினரிடம் இருந்தது. பாதிரியாரான பிரதமர் இக்னாஸ் ஸைபெல் 1922இல் சர்வதேச சங்கத்தின் உறுதியோடு 65 கோடி தங்க குரோனென் கடன் பெற்றுப் பணவீக்கத்தை அடக்கினார்; விலையாக நாட்டின் செலவுகள் ஒரு வெளிநாட்டு ஆணையரின் மேற்பார்வைக்குள் போயின. வலதுசாரிகளுக்கு ஹைம்வேர் படைகள், சமூக ஜனநாயகத்தினருக்கு ஷுட்ஸ்புண்ட் என்று ஒரே நாட்டில் ஆயுதமேந்திய அணிகள் அணிவகுத்தன. 1927 ஜனவரியில் ஷாட்டன்டார்ஃப் என்ற ஊரில் வலதுசாரிகள் சுட்டதில் போரில் ஊனமுற்ற ஒருவரும் ஒரு சிறுவனும் இறந்தார்கள். ஜூலையில் நடுவர் குழு குற்றவாளிகளை விடுவித்ததும், மறுநாள் 15ஆம் தேதி, தலைமையின் அழைப்பு ஏதுமின்றித் தொழிலாளர்கள் நகருக்குள் திரண்டு நீதி மாளிகைக்குத் தீ வைத்தார்கள். மேயர் கார்ல் ஸைட்ஸ் தாமே தீயணைப்பு வண்டியில் ஏறிக் கூட்டத்துக்குள் வழி கேட்டும் பயனில்லை. காவல்துறை சுட்டது; அந்த நாளின் சாவு 89. கூட்டத்துக்குள் இருந்த எலியாஸ் கனெட்டி என்ற இளைஞர் மக்கள் திரளைப் பற்றித் தம் வாழ்நாள் முழுவதும் சிந்திக்க அந்த நாளே காரணமாயிற்று. அரசியல் ரீதியாக அது காட்டியது வேறு: ஷுட்ஸ்புண்டின் சீருடைகளைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை என்று எதிர்த்தரப்பு அன்று தெரிந்துகொண்டது.

1930இல் ஹைம்வேர் தலைவர் ஷ்டாரெம்பெர்க், யூதப் பிறப்பினரான பிரைட்னரை ‘ஆசியன்’ என்று இகழ்ந்து, அவர் தலை மண்ணில் உருண்டால்தான் வெற்றி என்று மேடையில் பேசினார். பேசியபோது அவர் உள்துறை அமைச்சர். ஆடம்பர வரியின் மீதிருந்த வர்க்கக் கோபமும் யூத வெறுப்பும் அந்த ஒரு பேச்சில் கலந்திருக்கின்றன. 1931 மே மாதம் கிரெடிட்டான்ஸ்டால்ட் வங்கி நொடித்தது. அதே ஆண்டு முதல் நாட்டு வரி வருவாயில் வியன்னாவின் பங்கை மைய அரசு வெட்டத் தொடங்கியது. வீடு கட்டும் வேகம் தளர்ந்தது. இவ்வளவுக்கும் பிறகு, 1932 ஏப்ரலில் நடந்த நகராட்சித் தேர்தலில் 100 இடங்களில் 66 சமூக ஜனநாயகக் கட்சிக்கே கிடைத்தன. நாஜிகள் பெற்ற 15 இடங்கள் முக்கியமாகக் கிறிஸ்தவ சமூகக் கட்சியின் இழப்பிலிருந்து வந்தவை. உலகப் பொருளாதாரமே சரிந்துகிடந்த ஆண்டில், பதின்மூன்று வருடம் ஆண்ட ஒரு கட்சிக்கு மூன்றில் இரண்டு பங்கு இடங்கள்! மக்கள் ஜனநாயகத்தைக் கைவிட்டார்கள் என்பவர்களிடம் நான் முதலில் இந்த எண்ணைத்தான் காட்டுவேன்.

1933 மார்ச் 4 அன்று, ரயில்வே ஊழியர் வேலைநிறுத்தம் பற்றிய ஒரு வாக்கெடுப்புச் சிக்கலில் நாடாளுமன்றத்தின் மூன்று அவைத் தலைவர்களும் அடுத்தடுத்து விலகினார்கள். அவை தன்னைத்தானே முடக்கிக்கொண்டது என்று அறிவித்த பிரதமர் எங்கல்பெர்ட் டோல்ஃபூஸ், 1917ஆம் ஆண்டுப் போர்க்காலச் சட்டம் ஒன்றைத் தூசு தட்டி எடுத்து ஆணைகளால் ஆளத் தொடங்கினார். மார்ச் 15 அன்று உறுப்பினர்கள் மீண்டும் கூட முயன்றபோது காவல்துறை தடுத்தது. அன்று பொது வேலைநிறுத்தம் அறிவித்திருக்க வேண்டும், அறிவிக்காதது தவறு என்று ஓட்டோ பௌவரே பின்னால் எழுதினார். என் மதிப்பீட்டில் தவறு அதற்கும் முன்பே தொடங்கிவிட்டது. 1930 தேர்தலில் அவருடைய கட்சிதான் நாட்டின் மிகப் பெரிய கட்சி; 1931இல் ஸைபெல் கூட்டணிக்கு அழைத்தபோது பௌவர் மறுத்துவிட்டார். முதலாளித்துவத்தின் நெருக்கடியை நிர்வகிக்கும் பழி நமக்கு வேண்டாம், பெரும்பான்மை வரும்வரை காத்திருப்போம் என்பது அவர் கணக்கு. ஸைபெலின் அழைப்பு எவ்வளவு உண்மையானது என்பது விவாதத்துக்குரியது. ஆனால் நகரத்தைக் கட்டிய அளவு அக்கறையோடு அந்தக் கட்சி நாட்டின் படையையும் காவல்துறையையும் நீதிமன்றத்தையும் பற்றி எண்ணவில்லை. வீடு, பள்ளி, நூலகம் எல்லாம் பெருகினால் அடுத்த தலைமுறை தானாக நம் பக்கம் வரும் என்று அது நம்பியது. அந்தத் தலைமுறை வளர்ந்து வரும்வரை எதிராளி காத்திருக்க வேண்டிய கட்டாயம் ஏதும் இல்லை. அவ்வளவு அறிவும் ஏன் காக்கவில்லை என்ற உங்கள் கேள்விக்கு என்னால் தரமுடிந்த நேரடிப் பதில் இதுதான்.

1934 பிப்ரவரி 12 அன்று லின்ஸ் நகரில் ஆயுதச் சோதனைக்கு வந்த காவலர்களை ஷுட்ஸ்புண்ட் எதிர்த்துச் சுட்டது. வியன்னாவில் மின்நிலையத் தொழிலாளர்கள் மின்சாரத்தை நிறுத்தியது வேலைநிறுத்தத்துக்கான அடையாளம். டிராம்கள் நின்றன, ஆனால் ரயில்கள் ஓடின, அரசு அவற்றில் படைகளைக் கொண்டுவந்தது. கார்ல் மார்க்ஸ் குடியிருப்பின் மீது பீரங்கிகள் சுட்டன. சில நாள்களில் எல்லாம் முடிந்தது. நாடெங்கும் முந்நூறுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள், ஒன்பது பேர் தூக்கிலிடப்பட்டார்கள், அவர்களில் ஒருவர் படுகாயத்தோடு கட்டிலில் தூக்கிவரப்பட்டவர். மேயர் ஸைட்ஸ் நகர மன்றத்திலேயே கைதானார். அப்போது மாஸ்கோவில் இருந்த நொய்ராத் வியன்னாவுக்குத் திரும்ப முடியாமல் ஹேக் நகரில் அடைக்கலம் புகுந்தார். ஷ்லிக்கை 1936இல் பல்கலைக்கழகப் படிக்கட்டில் ஒரு முன்னாள் மாணவன் சுட்டுக் கொன்றான். டானபெர்க் 1942இல் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார்.

சமூக ஜனநாயகத்தை ஒழித்தால் நாஜிகளை எதிர்க்க வலுக் கூடும் என்பது டோல்ஃபூஸின் வாதம். அவரையே 1934 ஜூலையில் நாஜிகள் கொன்றார்கள். அவருக்குப் பின் வந்த ஷுஷ்னிக், ஹிட்லரின் மிரட்டல் கழுத்தை நெருக்கிய 1938 மார்ச் 3 அன்று, தடைசெய்யப்பட்ட தொழிலாளர் இயக்கத்தின் பிரதிநிதிகளை அழைத்துப் பேசினார். தங்கள் குடியிருப்புகள் மீது நான்கு ஆண்டுகளுக்கு முன் பீரங்கி வைத்த அதே ஆட்சிக்கு, தங்கள் உரிமைகளைத் திரும்பக் கொடுத்தால் நாட்டின் சுதந்திரத்துக்காகத் துணைநிற்போம் என்று அவர்கள் சொன்னார்கள். மார்ச் 13 அன்று பொது வாக்கெடுப்பு என்று அறிவிக்கப்பட்டது. ஜெர்மானியப் படைகள் 12ஆம் தேதியே எல்லையைக் கடந்துவிட்டன.